இன்னும் முடிவு செய்யாத வாடிக்கைக்காரர்

நாகூர் மீரானுக்குத் தெரிந்த மலாய் மொத்தமும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அந்தப் பெட்டிகளைச் செய்து விற்கிறவன், விலை சொல்வான். பூட்டு நல்ல பூட்டு என்பான். தண்ணீர் இறங்காது என்பான். கப்பலில் தூக்கி எறிந்தாலும் மூலை நசுங்காது என்று அல்லாஹ் மேல் ஆணையிடுவான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிழையில்லாமல் சொல்வான். அதற்கு மேல் ஒரு சொல் தேவைப்பட்டால், தலையைத் தூக்கி மாடிப் பலகையில் வெட்டிவிட்டிருந்த சதுர ஓட்டையைப் பார்த்து, "புள்ள, இந்தாளு என்னமோ கேக்குறாரு, என்னன்னு கேளு" என்று கத்துவான். ஓட்டையில் அவன் மனைவி சலேஹாவின் முகம் தெரியும். கேட்பாள், சொல்வாள், முகம் மறையும்.

சலேஹா பினாங்கிலேயே பிறந்தவள். வாப்பா நாகூர்க்காரர், உம்மா மலாய்க்காரி. இரண்டு மொழியிலும் திட்டத் தெரிந்தவள் என்று சூலியா தெருவில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டங்களில் ஆட்களைக் கழித்துவிட்டார்கள். நாகப்பட்டினம் கப்பல் கிளம்பும்போதெல்லாம் துறைமுகத்தில் கூட்டம் தாங்காது. ஊருக்குப் போகிறவன் கையில் ஒன்றும் இல்லாமல் போனாலும் பெட்டி இல்லாமல் போகமாட்டான். உள்ளே வைக்க ஒன்றும் இல்லாதவன்தான் பெரிய பூட்டாகக் கேட்பான். அதனால் ஊரே அழுதுகொண்டிருந்த வருஷத்தில் மீரான் கடையில் மரச்சுத்தி ஓயவில்லை. பக்கத்துக் கடையிலும் ஓயவில்லை. அதுவும் தகரக் கடைதான். மீரானின் நானா சுலைமானுடையது. அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்ன காரணம் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், இரண்டுமே நம்பும்படி இருக்காது. இவன் ஓங்கி அடித்தால் அவர் அதைவிட ஓங்கி அடிப்பார். பேச்சு என்று பார்த்தால் அதுதான் பேச்சு.

இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சலேஹா முழுகாமல் இருந்தாள்.

இது இரண்டாவது. முதலாவது ஆண் பிள்ளை. மாதம் நிறைந்து, தலை நிறைய முடியோடு, மூச்சில்லாமல் பிறந்தது. அடக்கம் செய்துவிட்டு வந்த மீரான் கடையைச் சாத்தினான், மாடிக்கு வந்தான், சுவரைப் பார்த்துப் படுத்தான். அவ்வளவுதான், எழுந்திருக்கவே இல்லை. பெற்றவள் அவள், படுத்துக்கொண்டவன் அவன். மார்பில் பால் கட்டி, காய்ச்சல் கொதிக்கிற உடம்போடு கஞ்சி காய்ச்சி அந்த முதுகைத் தட்டி எழுப்பி ஊட்டியவளும் அவள்தான். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை என்று வைத்திருந்தாள்.

இந்த முறை பிரசவம் பார்க்க பிடான் ரொஸ்னாவை ஏற்பாடு செய்திருந்தார்கள். மருத்துவச்சியை அங்கே பிடான் என்பார்கள். ரொஸ்னா ஆஸ்பத்திரியில் படித்துச் சர்ட்டிபிகேட் வாங்கிய பிடான். வெள்ளைச் சட்டையும் கான்வாஸ் பையுமாக ரிக்‌ஷாவில் வந்து இறங்குவாள். ரிக்‌ஷாக்காரனோடு ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுத்தான் மாடி ஏறுவாள். பையில் ஒரு மரக்குழல் இருக்கும். ஒரு முனை அகலம், ஒரு முனை தட்டை. அகலமான முனையை வயிற்றில் ஊன்றித் தட்டையில் காதை வைத்தால், உள்ளே இருக்கிற பிள்ளையின் நெஞ்சு துடிப்பது கேட்கும். தலையணைக்கு அடியில் வைத்த கைக்கடிகாரம் மாதிரி கேட்கும் என்று ரொஸ்னா சொல்லியிருந்தாள். சலேஹா அதைக் கேட்டதில்லை. அவள் பிள்ளையின் நெஞ்சை ஊரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அவளால் மட்டும் முடியாது. அவ்வளவு தூரம் குனிய எந்தத் தாயாலும் ஆகாது.

ஏழாம் மாதம் வந்தபோது ரொஸ்னா வழக்கம்போலக் குழலை வைத்தாள். ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் முடிகிற வேலை. அன்று முடியவில்லை. காதை எடுத்தாள், இடம் மாற்றி வைத்தாள், கண்ணை மூடினாள். பக்கத்துக் கடையில் சுலைமான் சுத்தியால் பிளந்துகொண்டிருந்தார். ரொஸ்னா எழுந்து ஜன்னலுக்குப் போய் மலாயில் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், சுலைமான் மட்டும் இல்லை, எதிர்ச்சாரியில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். திரும்பி வந்து சலேஹாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி குழலில் காது வைத்தாள்.

"ஜந்தோங் தியா தாக் தெத்தாப்" என்றாள் கடைசியில்.

பிள்ளையின் இருதயம் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். நாலைந்து துடிப்பு ஒழுங்காக வருகிறது, அடுத்தது வரவேண்டிய இடத்தில் வருவதில்லை, கொஞ்சம் பொறுத்து மறுபடி கிளம்புகிறது. ரொஸ்னா விரலால் பாயில் தட்டிக் காட்டினாள். தட்டிக்கொண்டே வந்த விரல் ஒரு இடத்தில் அந்தரத்தில் நின்றது.

அறையை மறைத்துக் கட்டியிருந்த துணித்திரைக்கு அந்தப் பக்கம் நின்ற மீரானுக்கும் ரொஸ்னா சொன்னது காதில் விழுந்தது. ஜந்தோங் என்ற சொல்லை அவன் சௌராஸ்தா பாசாரில்தான் கேட்டிருக்கிறான். அங்கே ஜந்தோங் பீசாங் என்றால் வாழைப்பூ. வயிற்றில் வாழைப்பூவுக்கு வேலை இல்லை என்ற அளவுக்கு அவனுக்கும் அறிவு இருந்தது. ஆனால் தாக் தெத்தாப் நன்றாகத் தெரியும். வாடிக்கைக்காரன் பெட்டியைத் திறந்து பார்ப்பான், மூடிப் பார்ப்பான், தட்டிப் பார்ப்பான், கடைசியில் "ஹாத்தி தாக் தெத்தாப்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விடுவான். மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை, பிறகு பார்க்கலாம் என்று பொருள். வாரத்தில் பாதிப் பேர் மீரானிடம் சொல்லிவிட்டுப் போவது அதைத்தான்.

"ஜந்தோங்னா என்ன, ஹாத்தி தானே?" என்று தனக்குத் தெரிந்த மலாயில் திரைக்குள்ளே கேட்டான்.

கீழே ரிக்‌ஷாக்காரன் மணியடித்துக்கொண்டே இருந்தான். ரொஸ்னாவுக்கு அவன் மேல் இருந்த எரிச்சலில், "லெபே கூராங்" என்றாள். ஏறக்குறைய அதுதான் என்று அர்த்தம்.

மீரான் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டான். "அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவுதானா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். புள்ளைக்கு வர்றதா வேணாமான்னு இன்னும் மனசு முடிவாகலை. யோசிக்குது."

சலேஹா வாயைத் திறந்தாள்.

"போன தடவை வந்தவரு வீட்டைப் பாத்துட்டு வேணாம்னு போயிட்டாரு" என்றான் மீரான். "யாரைக் குத்தம் சொல்றது? கடையில ஒரே சத்தம். வீட்டுல நீயும் நானும் ஒரே சண்டை. எந்த வாடிக்கைக்காரன் நிப்பான் சொல்லு. எல்லாம் அல்லாஹ் நாடணும், இல்லேங்கலை. ஆனா கடைக்காரனும் மொகத்தை நல்லா வச்சிக்கிடணும்ல."

சலேஹா வாயை மூடிக்கொண்டாள். சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஆனால் சுவரைப் பார்த்துக் கிடந்த அந்த முதுகு அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இன்னொரு தடவை அதைப் பார்க்க அவள் உடம்பில் தெம்பு இல்லை. இந்த வீட்டில் ஒருவராவது நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

படி இறங்கும்போது ரொஸ்னா அவளிடம் தனியாகச் சொன்னாள். இதுபோல எத்தனையோ கேட்டிருக்கிறாளாம். பெரும்பாலும் பிறப்பதற்குள்ளேயோ பிறந்த பிறகோ தானாகச் சரியாகிவிடுமாம். சிலது ஆவதில்லையாம். மருந்து கிடையாது. சரியாகிறதா இல்லையா என்று கேட்டுக்கொண்டு இருப்பதுதான் வைத்தியம். உன் ஆளிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு என்றாள்.

"சொல்லாதீங்க" என்றாள் சலேஹா. "அவரு தாங்கமாட்டாரு."

மறுநாள் காலையில் பாசாருக்குப் போன மீரான் வெயில் ஏறித்தான் வந்தான், அதுவும் வெறுங்கையோடு. மீன் எங்கே என்றதற்கு, மீன் வரவில்லை என்றான். சுற்றிலும் கடல் இருக்கிற ஊரில் மீன் வரவில்லையாம்! வேறு நாளாக இருந்தால் சலேஹா உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று கருவாட்டை எடுத்துக் கழுவினாள். சாப்பிட்ட பிறகு மீரான் வந்து, பாயில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். தொண்டையைக் கனைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தான்.

"வாங்க" என்றான். "நின்னு நிதானமாப் பாருங்க. வாங்குனாத்தான்னு இல்லை. பாக்குறதுக்குக் காசா?"

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வந்துவிடுவான். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. நீங்க, வாங்க, உங்க இஷ்டம். தன் உம்மாவைக் கூட அவன் அப்படி அழைத்ததில்லை. வியாபாரத்தில் அவனுக்குச் சில கொள்கைகள் உண்டு. யோசிக்கிற வாடிக்கைக்காரனை அவசரப்படுத்தக் கூடாது. பக்கத்தில் போய் நின்று மூச்சு விடக் கூடாது. பொருளில் உள்ள சின்னக் குறையை நாமே சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் பெரிய நிறையை நம்புவான். அத்தனையையும் வயிற்றிடம் காட்டினான்.

"கூரை ஒழுகும், பொய் சொல்லமாட்டேன்" என்பான். "நாளைக்கு ஆளு வருது, ஓடு மாத்திடுவோம். மத்தபடி காத்தோட்டமான வீடு. பக்கத்துலயே பள்ளிவாசல். பாங்கு சத்தம் கேக்குதா, அதான். உம்மா கொஞ்சம் கோபக்காரி. ஆனா மீன் ஆணம் வச்சான்னா பட்டர்வொர்த்துலேருந்து ஃபெரி ஏறி வந்து தின்னுட்டுப் போகலாம்."

"என்னையும் சேத்தா விக்கிறீங்க?" என்பாள் சலேஹா.

"சும்மா இரு புள்ள, ஆளு கேட்டுக்கிட்டு இருக்காரு."

சொன்னபடி ஓடு மாற்றினான். மதியத்தில் சுத்தியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டான். எல்லாவற்றையும்விடக் கொடுமை, சண்டை போடுவதை நிறுத்திவிட்டான். சலேஹா என்ன சொன்னாலும், "நீ சொல்றது சரிதான் புள்ள" என்றான். சோற்றில் உப்பு இல்லை என்று அவளே வலியப்போய்ச் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் அதே பதில்தான். சண்டைக்கு ஆள் இல்லாத வீட்டில் குடித்தனம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். அதிலும் உள்ளுக்குள் ஒரு பயத்தை வைத்துக்கொண்டு, யார் மேலாவது எரிந்து விழுந்தால் தேவலை என்று இருப்பவளுக்கு.

ஒரு நாள் அவன் பக்கத்துக் கடைக்கே போய்விட்டான். பலகைச் சுவர் வழியாகச் சலேஹாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. முதலில் சுலைமானின் சுத்தி நின்றது.

"நானா" என்றான் மீரான். "வீட்டுல ஒருத்தரு முடிவு பண்ணாம இருக்காரு. பகல்ல கொஞ்சம் மெதுவா அடிச்சீங்கன்னா நல்லது."

"யாரு?"

"வரப்போறவரு."

பிறகு சுலைமான், "போன தடவை மாதிரியா?" என்று கேட்டார். மீரான் என்ன சொன்னான் என்பது மட்டும் அவள் காதில் விழவில்லை. அன்றிலிருந்து பக்கத்துக் கடையில் சுத்திக்குத் துணி சுற்றி அடித்தார்கள்.

அதோடு விட்டாரா? நாலு நாள் கழித்து மனிதர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மாடிப்படியில் பாதி ஏறி, அங்கேயே நின்றுகொண்டு, திரையைப் பார்த்துப் பேசினார். "இவன்கிட்ட வாங்காதீங்கன்னு நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன். பொருளு உறுதி. ஆளுக்கு வாயிதான் சரியில்லை." சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மீரான் இரண்டு வருஷத்தில் நானாவின் வாயால் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. வயிற்றிலிருக்கும் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

சலேஹா குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தது எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள், சத்தம் வெளியே போகாமல் இருக்க. பைத்தியக்கார மனுஷா, அது உன் பேச்சைக் கேட்டா நிற்கிறது, உன் பேச்சைக் கேட்டா ஓடுகிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை உள்ளே உதைத்தது. உதைத்த பிறகு அசையாமல் இருந்தது. மறுபடி அசைகிற வரைக்கும் அவளும் அசையவில்லை.

ரொஸ்னா வருவாள், குழலை வைப்பாள், விரலால் பாயில் தட்டுவாள். விரல் எங்கே நிற்கிறது என்று சலேஹா பார்த்துக்கொண்டே இருப்பாள். நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு தடவை ரொஸ்னா திரையை விலக்கிக் குழலை மீரானிடம் நீட்டி, நீயும் கேட்கிறாயா என்றாள். மீரான் பாம்பைப் பார்த்தவன் போலப் பின்னால் போனான்.

"வேணாம், வேணாம். யோசிக்கிறப்ப பக்கத்துல போகக் கூடாது."

சலேஹாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பேசுவதற்கு வாய் கிழிகிறது, காது கொடுக்க மட்டும் பயம். ஒரு தடவையாவது வயிற்றில் கைவைத்துப் பார்த்தானா? ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து வியாபாரம் பேசுகிறான். இவனுக்கா நான் பயந்து பயந்து மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, சொல்லவில்லை.

ஒன்பதாம் மாதத்தில் நாலு துடிப்புக்கு ஒன்று விடுகிறது என்று இருந்தது மூன்றுக்கு ஒன்று என்று ஆயிற்று. ரொஸ்னா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பெரிய டாக்டர் அதைவிடப் பெரிய குழலாக வைத்துக் கேட்டார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னார். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். முடிவில், காத்திருங்கள் என்றார்கள். காத்திருக்கச் சொல்வதற்கு இவ்வளவு படிப்பா? அவள் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறாள்?

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று மீரான் கேட்கவில்லை. "நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்று வயிற்றிடம்தான் ஆரம்பித்தான். "இங்கேருந்து மலை தெரியும். வெயில் தாழ்ந்ததும் பாத்தீங்கன்னா பச்சைப் பசேல்னு இருக்கும். வந்தீங்கன்னா தோள்ல தூக்கிக்கிட்டுப் போய்க் காட்டுவேன். வந்தீங்கன்னா." அந்தக் கடைசிச் சொல்லை எதற்கு இரண்டு தடவை சொன்னான் என்று சலேஹா யோசிக்கவில்லை. களைப்பாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து தெருவில் ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்கு வலி கண்டது. சுலைமானே ஓடிப்போய் ரொஸ்னாவை அழைத்து வந்தார். ரொஸ்னா ரிக்‌ஷாக்காரனோடு சண்டை போடாமல், கேட்ட காசைக் கொடுத்துவிட்டு மாடி ஏறினாள். சலேஹாவுக்கு உயிரே போய்விட்டது. இவள் சண்டை போடவில்லை என்றால் விஷயம் அவ்வளவு மோசமா?

ஒவ்வொரு வலிக்கும் நடுவில் ரொஸ்னா குழலை வைத்தாள். இப்போது பாயில் தட்டிக் காட்டவில்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீரானின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"வாங்க, வாங்க. அவசரம் ஒண்ணுமில்லை. கதவு தொறந்துதான் இருக்கு. உங்க கடை மாதிரி நெனச்சிக்கிடுங்க."

அடுத்த வலி வந்து போனது. "வாங்க" என்றான் அவன் மறுபடி. "எல்லாரும் உங்களுக்காகத்தான்..."

"வாயை மூடுங்க மச்சான்!" என்று கத்தினாள் சலேஹா. தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். "அது ஹாத்தி இல்லை! ஜந்தோங்! ஜந்தோங்! நெஞ்சு! புள்ளையோட நெஞ்சு நின்னு நின்னு அடிக்குது! மூணு மாசமா நான் ஒருத்தியா இதை வச்சிக்கிட்டுச் சாவுறேன், நீங்க பெட்டி வித்துக்கிட்டு இருக்கீங்க!"

திரை அசையவில்லை.

"தெரியும் புள்ள" என்றான் மீரான்.

"என்ன தெரியும்?"

"ஜந்தோங்னு தெரியும். மறுநாளே, மீன் வாங்கப் போறேன்னுட்டு, சுங்கை பினாங் போய்ப் பிடான் வீட்டுல கேட்டேன். எனக்கு என்னமோ மனசு கேக்கலை. இவங்க நெஞ்சைத் தொட்டுக் காட்டுனாங்க. விரலால தட்டிக் காட்டுனாங்க. நான் ஹாத்தின்னப்ப நீ மறுத்துப் பேசலை, உனக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். சொன்னா நீ பயந்துருவன்னு..."

சலேஹா தலையைத் திருப்பி ரொஸ்னாவைப் பார்த்தாள். ரொஸ்னா துணியைப் பிழிந்துகொண்டே மலாயில் சொன்னாள்: "நீ அவனிடம் சொல்லாதே என்றாய். அவன் உன்னிடம் சொல்லாதே என்றான். நான் யார் பேச்சைக் கேட்பது? அடுத்த வலி வருகிறது, மூச்சை இழு."

"பின்ன எதுக்கு தினம் தினம் அந்தக் கூத்து?" என்றாள் சலேஹா.

"ஜந்தோங்குக்கு நான் என்ன செய்ய முடியும் புள்ள?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டான் அவன். "ஈயம் வச்சுப் பத்தவைக்க முடியுமா? ஹாத்தின்னாத்தான் எனக்குப் பேசத் தெரியும். அதான் ஹாத்தின்னே வச்சிக்கிட்டேன். பேச்சை நிறுத்துனா நான் மறுபடியும் படுத்துருவேன்னு பயமா இருந்துச்சு. நீ தனியாக் கெடப்ப."

மூன்று மாதமாக இந்த வீட்டில் தான் ஒருத்திதான் விழித்திருக்கிறோம் என்று அவள் நினைத்திருந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு பயம், அந்தப் பக்கம் அதே பயம். அவளுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, எழுந்துபோய் நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லாமல் வலி வந்துவிட்டது.

"பேசுங்க மச்சான்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நிறுத்தாதீங்க."

அவன் பேசினான். என்ன பேசினான் என்று பிறகு யாருக்கும் நினைவில்லை.

பெண் பிள்ளை. வந்தது, ஆனால் அழவில்லை. ரொஸ்னா காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டினாள். தட்டினாள், வாயைத் துடைத்தாள், மறுபடி தட்டினாள். சலேஹா அந்தச் சின்ன முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். யா அல்லாஹ், யா அல்லாஹ், வேறு ஒன்றும் அவள் நாக்கில் வரவில்லை. பிள்ளை ஒரு தடவை விக்கியது. பிறகு வீடு இடிந்து விழுகிற மாதிரி ஒரு அழுகை அழுதது. தன் பிள்ளைதான், சந்தேகமே வேண்டாம் என்று சலேஹாவுக்குத் தெரிந்துவிட்டது.

மீரானை உள்ளே கூப்பிட்டார்கள். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல வேண்டும். ஆரம்பித்தான், நிறுத்தினான், மறுபடி ஆரம்பித்தான். "சத்தமாச் சொல்லுடா, எங்களுக்கும் கேக்கட்டும்" என்று படியிலிருந்து சுலைமானின் குரல் வந்தது. ஒரு வழியாகச் சொல்லி முடித்தான்.

ரொஸ்னா பிள்ளையைத் துடைத்துப் பாயில் கிடத்தி, நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள். "துடிப்பு இன்னும் இடையில் விடுகிறது" என்றாள். "ஆனால் முன்னைவிடக் குறைவு. பிள்ளை சிவப்பாக இருக்கிறது, மூச்சு நன்றாக இருக்கிறது. மாதம் போகப்போகச் சரியாகும் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்யமாட்டேன்." பிறகு குழலை மீரானிடம் நீட்டினாள்.

இந்த முறை அவன் பின்னால் போகவில்லை. முழங்காலிட்டுக் குனிந்து காதை வைத்தான். துடிப்புக்கு ஒன்றாக உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. சலேஹா பிள்ளையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள். திடீரென்று உதடு நின்றது. துடிப்பு ஒன்று விட்டுப்போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அவளும் மூச்சை நிறுத்தினாள்.

"வந்துருச்சு" என்றான் மீரான். கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கின் மேல் வழிந்து குழலில் சொட்டியது. "வந்துருச்சு புள்ள." மறுபடி உதடு அசைந்தது, மறுபடி நின்றது. "வந்துருச்சு." பிறகு பிள்ளையிடம், "எங்கேயும் போவாதடி" என்றான். "உன் வாப்பாவுக்கு இதுக்கு மேல பேசத் தெரியாது."

சலேஹா தன் மகளின் நெஞ்சை முதன்முதலாகக் கேட்டது அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் விட்டுப்போனபோது அவன் அவளைப் பார்த்தான்; திரும்பி வந்தபோது சொன்னான். பிள்ளை பசிக்கு வாயைத் திறந்து கத்த ஆரம்பித்தும் அவன் காதை எடுக்கவில்லை.

"குடுங்க மச்சான், பால் குடிக்கட்டும்" என்றாள் சலேஹா.

"இரு புள்ள" என்றான் அவன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு."